மடித்தால் வெடிக்கும் ஈயம்: மவுசாக்கலை வலைக்குண்டுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

போன மாசி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா என் லேத் பட்டறைக்கு வந்தார். சீனிப் பை ஒன்றில் கட்டிக்கொண்டு வந்ததை மேசையில் கொட்டினார். அத்தனையும் இரண்டாக உடைந்த ஈயப்பட்டிகள். சில துண்டுகளில் வலையின் அடிக்கயிற்று நார் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாப்ளே, நீ செஞ்சு குடுத்த அச்சுலதான் ஏதோ கோளாறு. மடிச்சா வெடிக்குது" என்றார்.

மாமா ஈயம் உருக்கி வலைக்குப் பட்டி வார்க்கும் அந்த அச்சு என் கையால் குடைந்தது. அதனால் அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே இறங்கினேன். அந்த உடைசலைப் பின்தொடர்ந்து போனவன் கடைசியில் போய் நின்றது ஒரு லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், பின்பக்கத்து அடுப்படியில். வலை கட்டுகிறவர்களுக்கும், ஈயம் உருக்குகிறவர்களுக்கும், சின்னப் பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் இதில் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது. மாமாவிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு, பெயர்களை மட்டும் விட்டுவிட்டு நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

பின்னணி

மாமா தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்து ஓய்வு பெற்றவர். இப்போது இலங்கை மலையகத்து மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் இரண்டு பேராக வள்ளம் போட்டு வலை விரிக்கிறார். அகப்படுவது பெரும்பாலும் திலாப்பியா. மஸ்கெலியா ஓயாவை மறித்து அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்கடியில் போனது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலும் கட்டட அடித்தளங்களும் வெளியே தலைகாட்டும். வலை போடுகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. அடியில் எந்தச் சுவர், எந்தப் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று மனதில் படம் வைத்துக்கொண்டுதான் வலையை இறக்குவார்கள்.

வலையின் மேல்கயிற்றில் மிதவை இருக்கும், அடிக்கயிற்றில் ஈயக்குண்டு இருக்கும். குண்டு என்று சொன்னாலும் மாமாவின் வலையில் இருப்பது பட்டி. 4 சென்ரிமீற்றர் நீளம், 2 சென்ரிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்பு. அதை அடிக்கயிற்றின் மேல் வைத்து, குறடால் இரண்டு பக்கமும் மடித்து இறுக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு பட்டியின் எடை ஏறத்தாழ 27 கிராம். ஈயம் தண்ணீரைவிட 11.34 மடங்கு அடர்த்தி கூடியது. அதனால் தண்ணீருக்குள் போனபின் அதன் எடையில் பதினோரு பங்கில் ஒரு பங்குதான் குறையும். கருங்கல் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சின்ன உருவம், நல்ல பாரம், கையால் மடிக்கலாம், துருவும் பிடிக்காது. வலைக்கு ஈயம் வந்ததற்கு இவ்வளவும்தான் காரணம். இதில் "கையால் மடிக்கலாம்" என்ற ஒன்று தப்பிப் போனால் ஈயப்பட்டிக்கு அர்த்தமே இல்லை.

மூன்று சந்தேகங்கள்

முதலில் அச்சைப் பார்த்தேன். இரும்புத் தகட்டில் ஆறு குழி குடைந்த அச்சு அது. மூலைகள் கூராக இருந்தால் வார்த்த பட்டியில் அந்த இடத்தில் வெடிப்பு தொடங்கலாம். வேர்னியரும் கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். மூலை எல்லாம் வளைவாகத்தான் இருந்தது. அதோடு, உடைந்தவை மூலையில் உடையவில்லை. நடுவில், சரியாக மடிப்பு விழும் கோட்டில் உடைந்திருந்தன. அச்சின் மேல் பழி போட முடியவில்லை.

இரண்டாவது, மாமாவோடு வள்ளத்தில் போகும் அண்ணன் சொன்னது: பழைய நகரத்துக் கற்களில் இடிபட்டு உடைகிறது என்று. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பையில் இருந்த துண்டுகளில் பாதிக்கு மேல் தண்ணீரையே காணாதவை. இஸ்தோப்பில் உட்கார்ந்து வலை கட்டும்போதே குறட்டில் உடைந்தவை.

மூன்றாவது குளிர். "பனிக்காலத்துல ஈயம் மொறுமொறுன்னு ஆயிடும்" என்று கடைத்தெருவில் ஒருவர் அடித்துச் சொன்னார். இரும்பு வகைகள் சில கடுங்குளிரில் நொறுங்குவது உண்மை. ஈயம் அப்படி இல்லை. எங்கள் மார்கழிக் குளிர் என்ன, அதைவிடப் பலமடங்கு கடுங்குளிரிலும் சுத்த ஈயம் வளையும். ஆகவே இதையும் தள்ளினேன்.

மிச்சம் இருந்தது ஈயம் மட்டும்.

மாமாவிடம் ஒன்று கேட்டேன்: "வார்த்த அன்னைக்கே மடிச்சாலும் வெடிக்குதா மாமா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "அன்னைக்கே கட்டுனதெல்லாம் பெருசா உடையல. வார்த்து வச்சு ரெண்டு மூணு கிழமை கழிச்சு எடுத்ததுதான் பூரா உடையுது" என்றார். இன்னொன்றும் சொன்னார். அச்சிலிருந்து விழும் பட்டியைச் சுடச்சுட வாளித் தண்ணீரில் போடுவாராம், சீக்கிரம் ஆறட்டும் என்று.

அந்த இரண்டு பதிலிலும் பாதி விடை இருந்தது. சுத்த ஈயத்தை வார்த்து ஒரு வருடம் வைத்தாலும் இறுகாது. தண்ணீரில் போட்டாலும் அப்படியேதான் இருக்கும். நாள் போகப் போக இறுகுவது, ஈயத்தைக் கடினமாக்கச் சேர்க்கும் அந்திமனி என்ற பொருள் கலந்த ஈயம். சூட்டில் கரைந்திருக்கும் அந்திமனி, சட்டென்று குளிர்ந்தால் வெளியே வர நேரமில்லாமல் உள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும். பிறகு நாட்கணக்கில், மிக நுண்ணிய துணுக்குகளாகப் பிரிந்து ஈயத்தின் உள்ளே முளை அடித்ததுபோல் நிற்கும். துளி ஆர்சனிக்கும் சேர்ந்திருந்தால் இந்த இறுக்கம் இன்னும் கூடும். வாளித் தண்ணீர் மாமாவுக்கு அவசரத்துக்கு உதவியது. ஈயத்துக்கு அது இரும்புக்குத் துவைச்சல் போடுவதுபோல் ஆகிவிட்டது.

கடினம் அளந்தது

ஊகம் போதாது என்று அளந்து பார்த்தேன். பட்டறையில் கடினம் பார்க்கும் இயந்திரம் கிடையாது. ஆனால் தெரிந்த ஈயம் ஒன்றும், பெயாரிங் குண்டு ஒன்றும், வைசும் இருந்தால் போதும்.

தெரிந்த ஈயம் என்று நான் வைத்திருந்தது பழைய பங்களாக் கூரையின் புகைபோக்கி ஓரத்தில் அடித்திருந்த ஈயத்தகடு. நகத்தால் கீறினால் கோடு விழும். கையால் சுருட்டலாம். அந்தக் காலத்துக் கூரைத்தகடு அநேகமாகச் சுத்த ஈயம். குண்டை அழுத்திக் கடினம் அளக்கும் பிரினெல் கணக்கில் அதன் கடினம் ஏறத்தாழ 5. அதிலிருந்து ஒரு துண்டை ஒரு பக்கமும், மாமாவின் பட்டியில் ஒரு துண்டை மறுபக்கமும் வைத்து, நடுவில் பெயாரிங் குண்டை நிறுத்தி வைசில் மெல்ல இறுக்கினேன். குண்டு இரண்டு பக்கமும் ஒரே விசையில் அழுத்தும். எது மெதுவானதோ அதில் பள்ளம் அகலமாக விழும்.

எடுத்துப் பார்த்தால் கூரைத்தகட்டில் 6.0 மில்லிமீற்றர் அகலப் பள்ளம். பளபளவென்று கிண்ணம் மாதிரி. மாமாவின் பட்டியில் 3.9. பள்ளத்தின் பரப்பு பெருகினால் கடினம் குறைகிறது என்ற கணக்குப்படி, 6.0 இன் வர்க்கத்தை 3.9 இன் வர்க்கத்தால் வகுத்தால் 2.4 அளவில் வரும். அதை 5 ஆல் பெருக்கினால் 12. துல்லியமான ஆய்வுகூடக் கணக்கு என்று சொல்லமாட்டேன். ஆனால் 5 க்கும் 12 க்கும் உள்ள தூரத்தை எந்தப் பிழையும் மறைக்காது. மாமாவின் ஈயம் கூரை ஈயத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் கடினம்.

பிள்ளைகள் சித்திரப் பாடத்துக்கு வாங்கும் பென்சில்களாலும் பார்க்கலாம். முனையைத் தட்டையாகத் தேய்த்து, சரிவாகப் பிடித்துத் தள்ள வேண்டும். எந்தப் பென்சில் முதலில் ஈயத்தைச் சீவுகிறது என்று பார்ப்பதுதான் முறை. கூரைத்தகட்டை மெதுவான பி வகைப் பென்சிலே சீவியது. மாமாவின் பட்டியில் அதே பென்சில் வழுக்கிக்கொண்டு போனது. எச்பி வரைக்கும் போக வேண்டியிருந்தது. வீட்டில் வேறு கருவி இல்லாதவர்களுக்கு இது கைகொடுக்கும்.

கடினமான ஈயம் கெட்ட ஈயம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய அச்சகங்களில் வரி வரியாக வார்த்த அச்செழுத்து ஈயத்தில் நூற்றுக்கு 12 பங்கு அந்திமனியும் 4 பங்கு வெள்ளீயமும் இருக்கும். பிரினெல் 22 வரை போகும். ஆயிரக்கணக்கான தாள் அடித்தாலும் எழுத்து மழுங்கக் கூடாது என்பதால் அப்படிச் செய்தார்கள். பெட்டரிக்குள் இருக்கும் சல்லடைத் தகடு தன் பாரத்தையும் பசையையும் தாங்கி நிற்க வேண்டும். அதற்காகப் பழைய வகைப் பெட்டரிகளில் அந்திமனி சேர்த்தார்கள். வலைப்பட்டியின் வேலை வேறு. அது மடிய வேண்டும், கயிற்றைக் கவ்வ வேண்டும், வலை பழசானால் விரித்து எடுத்து இன்னொரு வலைக்கு மறுபடி மடிக்க வேண்டும். அதற்குச் சுத்த ஈயத்துக்கு மேல் ஒன்றும் கிடையாது. கொஞ்சம் வெள்ளீயம் பரவாயில்லை, அச்சில் நன்றாக ஓடும். அந்திமனி வேண்டாம். துத்தநாகம் அறவே கூடாது. டயர்கடையில் சக்கரத்துக்கு அடிக்கும் துண்டுகளில் இப்போது துத்தநாகத்தில் செய்ததும் வருகிறது. அது 419 பாகையில்தான் உருகும். ஈயம் 327 இல் உருகிவிடும். சட்டியில் உருகாமல் மேலே மிதக்கும் துண்டைக் கண்டால் சூட்டைக் கூட்டாமல் அகப்பையால் தூக்கி எறிய வேண்டும். கலந்துவிட்டால் முழுச் சட்டியும் கஞ்சிபோல் திரிந்து போகும்.

ஆக, உடைந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. பழைய கேபிள்களின் மேலுறையில் வரும் மெதுவான ஈயத்தைத்தான் கேபிள் ஈயம் என்பார்கள். மாமாவிடம், "இது கேபிள் ஈயம் இல்ல மாமா. எங்க வாங்கினீங்க?" என்று கேட்டேன். பழைய இரும்புக் கடை ஒன்றில் கேபிள் ஈயம் என்று சொல்லித்தான் கட்டி கட்டியாகக் கொடுத்திருக்கிறார்கள். அதோடு முடிந்திருந்தால் இந்த ஆய்வும் இங்கே முடிந்திருக்கும்.

பிளேட்டு

மாமா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "கட்டிக்கு வெலை ஏத்திட்டாங்க. பொறவு பிளேட்டாவே வாங்கினேன். பாதி வெலை. நானே ஒடைச்சு உருக்கிட்டேன்."

பிளேட்டு என்றால் பெட்டரிக்குள் இருக்கும் தகடு. எனக்கு அடிவயிறு குளிர்ந்துவிட்டது. வலையை மறந்தேன். அன்றைக்கே அவரோடு லயத்துக்குப் போனேன்.

ஒன்பது காம்பிரா லயம். ஒவ்வொரு காம்பிராவும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. பின்பக்கம் எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒடுங்கிய வாசல், அதற்கு அப்பால் தண்ணீர் பிடிக்கும் பீலி, அதற்கு அப்பால் ஆளுக்கொரு துண்டு மரக்கறிப் பாத்தி. மாமாவின் வீடு தொங்கல் காம்பிரா, வரிசையின் கடைசி அறை. கூரை இறக்கத்துக்குக் கீழே மூன்று கல் வைத்த அடுப்பு. மழைக்கு ஒதுக்கமான இடம் என்று அங்கேதான் உருக்கியிருக்கிறார். விறகு கவ்வாத்து மிலாறு. தேயிலை மிலாறு நின்று எரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊதி விட்டால் சட்டி 500 பாகையைச் சுலபமாகத் தாண்டும். ஈயம் உருக 330 போதும். சூடு ஏற ஏறத்தான் ஈயப்புகை கூடுகிறது.

அடுப்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மாவுபோல் படிந்திருந்தது. விறகுச் சாம்பலை விரலில் எடுத்தால் எடை தெரியாது. இது கனத்தது. ஈரத்துணியால் தொட்டபோது துணியில் மஞ்சள் கலந்த கபில நிறமாகப் பிடித்தது. பெட்டரித் தகட்டில் சல்லடை மட்டும் உலோகம். அதில் அப்பியிருக்கும் பசை ஈய ஒட்சைட்டும் ஈயச் சல்பேற்றும். அடுப்புச் சூட்டில் அது உலோகமாக மாறி ஓடாது. கசடாக மேலே திரளும். மாமா அதை அகப்பையால் வழித்து அடுப்போரத்தில் தட்டியிருக்கிறார். தட்டியபோதெல்லாம் தூசு எழும்பியிருக்கும். கொல்லுவது பெரும்பாலும் அந்தத் தூசுதான்.

இன்னொரு ஆபத்தையும் மாமா அறியாமல் தாண்டி வந்திருக்கிறார். பெட்டரித் தகட்டில் அந்திமனியும் ஆர்சனிக்கும் இருக்கின்றன, புதிய வகைகளில் கல்சியமும் இருக்கிறது. இவை சேர்ந்த கசடு ஈரப்பட்டால் ஆர்சின், ஸ்டிபின் என்ற வாயுக்கள் கிளம்பலாம். இரண்டும் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் கொடிய நஞ்சு. மஸ்கெலியாவில் எந்தக் கசடு ஈரப்படாமல் கிடக்கும்? வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் தூறல். அந்தத் தூறலில் ஒரு துளி உருகிய ஈயத்துக்கு அடியில் போய்விட்டால், தண்ணீர் 1,700 மடங்கு ஆவியாக விரிந்து சட்டியையே முகத்தில் அள்ளி வீசும். மாமாவின் முன்னங்கையில் மிளகளவு தழும்புகள் நாலைந்து இருந்தன. கேட்டதற்கு, "எண்ணெய் தெறிச்ச மாதிரிதான்" என்றார்.

அத்தை காலையில் அந்த இடத்தை விளக்குமாறால் கூட்டுவாராம். கூட்டிய சாம்பலை லீக்ஸ் பாத்தியில் போடுவாராம், நல்ல பசளை என்று. உருக்கிய தாச்சி சுவரில் ஆணியில் தொங்கியது. சமையல் தாச்சி வேறு, அது மட்டும் நல்ல காலம். ஆனால் இரண்டையும் ஒரே நாரால் ஒரே பீலியில் தேய்த்திருக்கிறார்கள்.

நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, மூன்று வயதுப் பேரன் அந்தத் தரையில் குந்தியிருந்து உடைந்த பட்டிகளை ரயில் பெட்டிபோல் அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊதினான். அதுதான் ரயிலின் விசில்.

பேரன்

பிள்ளை சில மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவான், மலச்சிக்கல் என்று அத்தை சொன்னார். கிளினிக் அட்டையில் நிறைக் கோடு மேலே போகாமல் படுத்திருந்தது. மருத்துவிச்சி அம்மா இரும்புச்சத்துப் பாணி கொடுத்திருக்கிறார். பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. யாரையும் குறை சொல்ல இல்லை. இந்த அறிகுறிகள் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வேறு காரணத்தாலும் வரும். ஈயத்துக்கென்று தனி முகம் கிடையாது. வீட்டில் ஈயம் உருக்குகிறோம் என்று யாராவது சொன்னால்தான் வைத்தியருக்கே அந்த யோசனை வரும். சொல்ல வேண்டும் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஆதார வைத்தியசாலைக்குப் போனோம். வைத்தியர் அம்மா முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பேரனுக்கும் மாமாவுக்கும் இரத்தம் எடுத்தார். மாதிரி கொழும்புக்குப் போய் முடிவு வரக் கிட்டத்தட்ட இரண்டு கிழமை. பேரனுக்கு ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 19 மைக்ரோகிராம் ஈயம். மாமாவுக்கு 28.

அந்த இலக்கத்துக்கு என்ன பொருள் என்று வைத்தியர் அம்மா விளக்கினார். பாதுகாப்பான அளவு என்று ஒன்று ஈயத்துக்கு இல்லை. 5 ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சொன்ன வழிகாட்டல். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 45 ஐத் தாண்டினால் ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து கொடுப்பார்கள். 19 க்கு அந்த மருந்து இல்லை. மூலத்தை வெட்டுவதே மருந்து.

பெரியவர் விழுங்கும் ஈயத்தைவிடப் பிள்ளை விழுங்கும் ஈயம் நாலைந்து மடங்கு கூடுதலாக உடம்பில் சேரும். இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூடும். தோட்டப்புறத்தில் இரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்பதை நினைத்துப் பார்த்தால், அதே அளவு தூசு இங்கே கூடுதலாகக் கடிக்கும். இரத்தத்தில் இருக்கும் ஈயம் ஒரு மாத அளவில் பாதியாகும். எலும்புக்குள் போனது பல வருடம் கிடந்து, துளித்துளியாக மறுபடி இரத்தத்துக்கு வரும். மூளை வளரும் வயதில் போனதைத் திருப்பி வாங்க வழியில்லை. செனகல் நாட்டின் டாக்கார் நகர்ப்புறத்தில், தியாரோய் என்ற கடலோரக் குடியிருப்பில், வீட்டு வாசல்களில் பெட்டரி ஈயம் பிரித்ததால் 2007, 2008 இல் 18 குழந்தைகள் இறந்தார்கள். அங்கேயும் பிழைப்புக்காகத்தான் செய்தார்கள். அந்தச் செய்தியை மாமாவுக்கு நான் படித்துக் காட்டினேன். அதன்பிறகு அவர் அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். லயத்தின் மற்றப் பிள்ளைகள் நாலு பேருக்கும் இரத்தம் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு 5 க்கு மேல். தொங்கல் காம்பிராவுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். புகைக்கும் தூசுக்கும் காம்பிரா இலக்கம் தெரியாது. அந்த வீட்டு அக்காவிடம் மாமா போய் நின்று கைகூப்பியதை நான் பார்த்தேன். "தெரியாமத்தானே செஞ்சீங்க மாமா" என்று அவர் சொன்னாலும், அழுகையை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

மாற்றியவை

உருக்குவது அன்றோடு நின்றது. விளக்குமாறும் நின்றது, ஏனென்றால் காய்ந்த தூசைக் கூட்டினால் அது இன்னும் பரவும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் வாசல், சுவர், இஸ்தோப்பு, வீட்டுத்தரை எல்லாம் துடைத்தோம். துணியையும் தண்ணீரையும் பீலிப் பக்கம் போகவிடாமல் தனியாக எடுத்து மூடி வைத்தோம். அடுப்பு இருந்த இடத்தில் மேல்மண்ணை நனைத்து வெட்டி எடுத்துவிட்டு சீமெந்து போட்டோம். லீக்ஸ் முழுவதையும் பிடுங்கியாயிற்று. அந்தப் பாத்தியில் இப்போது ஒன்றும் நடுவதில்லை. மாமாவின் உருக்கு வேலைச் சட்டையைக் கொழுந்து பறிக்கப் போகும் மருமகளின் உடுப்போடு ஊறவைத்துத் துவைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டையும் கழிவோடு போனது. பேரனுக்குப் பால், கீரை, முட்டை, இரும்புச்சத்துப் பாணி. சாப்பிடுமுன் கை கழுவுவதை அவனுக்கு அத்தை ஒரு பாட்டாகவே பழக்கிவிட்டார்.

வலைக்கு என்ன செய்வது என்பதுதான் மாமாவின் கேள்வி. பிழைப்பாயிற்றே. நான் சொன்னது இது: ஈயம்தான் வேண்டும் என்றால் வார்த்த மென்குண்டைக் கடற்கரைப் பக்கத்து வலைக்கடையில் வாங்குங்கள், வீட்டில் உருக்க வேண்டாம். வாங்கும்போது ஒன்றை எடுத்துக் கடைக்காரர் முன்னாலேயே நகத்தால் கீறிப் பாருங்கள், மடித்து விரித்துப் பாருங்கள். மூன்று தரம் மடித்து விரித்தும் வெடிக்காவிட்டால் மெதுவான ஈயம்.

ஈயம் இல்லாமலும் முடியும். பட்டி தண்ணீருக்குள் தரும் பாரம் ஏறத்தாழ 24.6 கிராம். அதே பாரத்துக்கு இரும்பு என்றால் 28 கிராம் போதும். கருங்கல் என்றால் 39 வேண்டும். சுட்ட களிமண் கிட்டத்தட்ட 50. பதினாறு மில்லிமீற்றர் நட்டு ஒன்று 33 கிராம் அளவில் இருக்கும், பட்டறையில் மரை தேய்ந்தவை வாளிக்கணக்கில் கிடக்கின்றன. உள் மரையையும் விளிம்பையும் லேத்தில் மழுக்கி, தாரில் தோய்த்து, காயவைத்து, அடிக்கயிற்றை அதற்குள்ளே கோத்து முடிச்சுப் போட்டோம். ஈயப்பட்டியைவிட உருவம் பெரிது. பழைய நகரத்துச் சுவர்ப்பக்கம் சில வேளை சிக்குகிறது என்று மாமா குறைபட்டார். ஆனால் சிக்கி அறுந்து அடியில் போனால் போவது இரும்பு. இங்கிலாந்தில் தூண்டில் ஈயத்தை விழுங்கி அன்னப்பறவைகள் செத்ததால், 1987 இல் சின்ன ஈயக்குண்டுகளுக்குத் தடை போட்டார்கள். மவுசாக்கலைத் தண்ணீரிலும் கொக்கும் நீர்க்காகமும் இரை தேடுகின்றன.

ஒரு வலைக்கு நட்டு, மற்ற வலைக்கு வாங்கிய மென்குண்டு என்று இப்போது ஓடுகிறது. இரண்டிலும் இதுவரை ஒன்றுகூட உடையவில்லை.

மிச்சம்

ஆனியில் பேரனுக்கு இரண்டாம் தரம் இரத்தம் பார்த்ததில் 12. மாமாவுக்கு 21. நிறைக் கோடு மேலே திரும்பியிருக்கிறது, வயிற்றுவலி என்று அழுவதில்லை. 12 என்பது இன்னும் 5 க்கு இரண்டு மடங்குக்கு மேல். எலும்பில் இருப்பது எவ்வளவு காலம் வந்துகொண்டிருக்கும் என்று பார்க்க, புரட்டாசியில் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மிஞ்சிய தகடுகளும் கட்டிகளும் உடைந்த பட்டிகளும் சேர்ந்து 23 கிலோ. அதே பழைய இரும்புக் கடைக்காரர் நல்ல விலைக்குத் திருப்பி எடுக்கிறேன் என்று ஆள் விட்டார். மாமாவுக்கு அந்தக் காசு தேவை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரே வேண்டாம் என்றார். "கேபிள் ஈயம்னு இன்னொருத்தன் கையில குடுத்துருவான் மாப்ளே." பெட்டரி விற்கும் கடைகள் உடைக்காத பழைய பெட்டரியைத்தான் திருப்பி எடுக்கின்றன. அனுமதியுள்ள சேகரிப்பாளர் வரும்வரை, எல்லாவற்றையும் மூடியுள்ள இரண்டு பெயின்ற் வாளிகளில் அடைத்து என் பட்டறையில் பூட்டு உள்ள அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். மூடியில் தமிழிலும் சிங்களத்திலும் மாமா தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்: பெட்டரி ஈயம், உருக்க வேண்டாம், பிள்ளைகள் தொட வேண்டாம்.